கடைசிக் கடைச் சுவரில் இருந்த பெட்டி

மொன்றியலில் எனக்கு அது நான்காவது குளிர்காலம். காலை ஏழு மணிக்குப் பொயிலர் அறை. மாலை ஐந்து மணிக்கு நகர மையத்தில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவல். இடையில் மெத்ரோ ரயிலில் இருந்தபடியே தூக்கம். திங்கட்கிழமை மட்டும் உணவகம் பூட்டு. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் இப்படித்தான் வாழ்ந்தார்கள், ஆகவே இதைச் சொல்லி யாரிடமும் அனுதாபம் வாங்க முடியாது. ஆனால் களைப்பைச் சொல்லாமல் இதைச் சொல்லவும் முடியாது. அந்த வருடம் நான் செய்த எல்லாவற்றையும் பாதித் தூக்கத்தில்தான் செய்தேன், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றை நன்றாக விழித்திருந்து செய்தேன்.

மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். நான் புறப்படும்போது மகளுக்கு இரண்டு வயது. இப்போது தொலைபேசியில் "அப்பா சாப்பிட்டீங்களோ?" என்று பெரிய மனுஷி போலக் கேட்பாள். அவர்களைக் கூப்பிடுவதற்கான படிவங்கள் எல்லாம் நிரப்பியாகிவிட்டது. மிஞ்சியிருந்தது ஒரு கடிதம். எனக்கு நிரந்தர வேலை இருக்கிறது, தொடர்ந்தும் இருக்கும் என்று வேலை கொடுத்தவர் எழுதித் தர வேண்டும். கோப்பை கழுவும் இடத்தில் அதைக் கேட்க முடியாது, அங்கே சம்பளம் கையில்தான், பதிவு ஒன்றும் இல்லை. பொயிலர் அறை ஒன்றுதான் நம்பிக்கை.

பொயிலர் அறை என்றதும் பெரிய தொழிற்சாலை என்று நினைத்துவிட வேண்டாம். நகரின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியின் வடக்கு ஓரத்தில், ரயில் பாதையை ஒட்டி, வரிசையாக ஒன்பது வியாபாரங்கள் இருந்தன. ஒரு கோடியில் மீன் வைக்கும் குளிர்க்கிடங்கு. அடுத்தது ஹோட்டல் துணிகள் வெளுக்கும் சலவைக்கூடம். அச்சகம், தையல் தொழிற்கூடம் என்று போய் மறு கோடியில் ஒரு சிறிய சாப்பாட்டுக் கடை. முன்பு ஒவ்வொருவரும் தங்கள் நிலவறையில் ஆளுக்கொரு எண்ணெய்ப் பொயிலர் வைத்து எரித்தார்களாம். ஒன்பது புகைபோக்கிகள். காலையில் வெள்ளையாக விழுந்த பனி மாலைக்குள் கறுத்துப் போகும் என்று பழைய ஆட்கள் சொன்னார்கள்.

அதையெல்லாம் நிறுத்தி ஒரே பொயிலர் அறையாக்கியவர் சென்னைக்காரரான ஒரு பொறியியலாளர். இருபது வருடமாக இந்த நாட்டில் இருந்தவர், வீடு ஆற்றுக்கு அக்கரையில், புரோசார்ட்டில். காதை மூடும் தொப்பியும் சட்டைப் பையில் பென்சிலுமாக வருவார். எதையும் இரண்டு தரம் அளப்பார், பிறகு சந்தேகப்பட்டு மூன்றாம் தரமும் அளப்பார். என்னை வேலைக்கு எடுத்தவரும் அவர்தான். நான் ஊரில் ஒரு தொழிற்சாலையில் பொயிலர் பார்த்தவன் என்று சொன்னதை அப்படியே நம்பி எடுத்தார்.

"மீனைக் குளிர வைக்கிறதுக்காக ஒருத்தன் சூட்டை வெளியில தள்றான். பக்கத்துக் கடைக்காரன் அதே சூட்டுக்காக எண்ணெய் எரிக்கிறான். பைத்தியக்காரத்தனம் இல்லையா இது?" என்பார். இதை அவர் சொல்லி நான் ஐம்பது தரமாவது கேட்டிருப்பேன். குளிர்க்கிடங்கு தள்ளும் சூட்டை நீரில் பிடித்து, போதாத மிச்சத்தை மின்சாரப் பொயிலரால் ஏற்றி, ஒன்பது வியாபாரங்களின் பின்பக்கமாகவும் குழாயில் ஓட விட்டார். எண்ணெய் மிகக் கடும் குளிர் நாட்களில் மட்டும். எங்கள் ஆட்கள் அதற்குப் 'பொதுச் சூடு' என்று பெயர் வைத்தார்கள். அவருக்கு அந்தப் பெயர் நிரம்பப் பிடித்துப் போனது.

நீரை எவ்வளவு சூடாக்குவது என்று பொயிலருக்குச் சொல்ல ஒரு பெட்டி இருந்தது. உள்ளங்கை அளவு. அதை அவர் கடைசிக் கடையின் பின்சுவரில், குழாய் உள்ளே வரும் மூலையில் பொருத்தியிருந்தார். அங்கே குளிர்ந்தால் பெட்டி கம்பி வழியாகச் சொல்லும், பொயிலர் எழும்பும். அங்கே சூடாக இருந்தால் பொயிலர் அடங்கும்.

"கடைசி ஆளுக்குக் குளிரலைன்னா நடுவுல யாருக்கும் குளிராது. அவ்வளவுதான் தத்துவம்," என்பார்.

அந்தக் கடைசிக் கடையை மன்னார்ப் பக்கத்து அக்கா ஒருவர் நடத்தினார். சுவரில் மாதா படம், அதற்குக் கீழே சின்னச் சிவப்பு பல்பு, அதற்குக் கீழே தோசைக்கல். கணவர் டாக்ஸி ஓட்டினார். அக்கா கடையை எடுத்தபோது பொறியியலாளர் தானே வந்து அடுப்புக்கும் பெட்டிக்கும் இடையில் நாடாவைப் பிடித்து அளந்தார். நடுவில் ஃபிரிட்ஜ் இருப்பதைப் பார்த்தார். மூன்று நாள் தொடர்ந்து வந்து வெப்பமானியை வைத்துப் பார்த்துவிட்டு, "அடுப்புச் சூடு இங்க வராது, பெட்டி இருந்த எடத்துலயே இருக்கட்டும்," என்று முடிவு செய்தார்.

நவம்பரில் ஒரு நாள் பத்து மணிக்குத் தேத்தண்ணீர் குடிக்கப் போனபோது அக்கா கண் கலங்கியபடி நின்றார். முதலில் யாரோ ஊரில் செத்துவிட்டார்கள் என்று பயந்துபோனேன்.

"மா பொங்குதில்லை தம்பி," என்றார். "இரவிரவா வச்சாலும் வச்ச மாதிரியே கிடக்கு. நேற்றுச் சுட்ட தோசையைச் சனம் திருப்பிக் கொண்டுவந்து தந்திட்டுதுகள். செருப்பு மாதிரியாம்."

உழுந்து மா பொங்குவதற்குச் சூடு வேண்டும். யாழ்ப்பாணத்தில் அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை, மூடி வைத்தால் காலையில் வழியும். நான் கடையைச் சுற்றிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஒரே சூடான இடம் குழாய் உள்ளே வரும் அந்த மூலை.

"வாளியை இதிலை வையுங்கோ அக்கா. குழாய்க்கு மேலை, இந்தப் பெட்டிக்குக் கீழை. இதைவிடச் சூடான இடம் இந்தக் கட்டடத்திலேயே இல்லை."

அடுத்த நாள் தோசை பஞ்சு போல வந்தது. அக்கா எனக்கு மூன்று தோசை இலவசமாகத் தந்து, நாலாவதையும் தட்டில் போட்டார். அன்றிலிருந்து என் காலைச் சாப்பாடு அங்கேதான்.

ஜனவரியில் குளிர் இறுகியது. மா திரும்பவும் அடம்பிடித்தது. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் தேவாலயத்தில் தந்த தடித்த பஞ்சுப் போர்வை ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. ஒரு காலை அதைக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்து, "இரவிலை இதாலை நல்லா மூடி விடுங்கோ," என்று சொல்லிவிட்டு, அரைக்கண்ணோடு பொயிலர் அறைக்குப் போனேன். அக்கா அதை எப்படி மூடினார் என்று நான் பார்க்கவில்லை. கேட்கவுமில்லை. முதல் நாள் இரவு உணவகத்தில் கலியாண விருந்து, நான் தூங்கியது மூன்று மணித்தியாலம். அதை இப்போது ஒரு சாட்டாகச் சொல்லவில்லை. சாட்டுத்தான்.

அந்த வாரத்திலேயே முறைப்பாடுகள் தொடங்கின. காலையில் கடை திறப்பவர்கள் வாசலிலேயே நின்று என்னைத் தேடினார்கள். எல்லாருக்கும் மேலே சத்தம் போட்டவர் தையல் தொழிற்கூடத்து முதலாளி அம்மா. கிரேக்கத்தில் பிறந்தவர், அறுபது வயது, மதாம் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவரிடம் வேலை செய்த பெண்களில் பாதிப்பேர் எங்கள் ஆட்கள்.

"என்கோர் ஃப்ருவா, முசியூ! இன்றைக்கும் குளிர்!" என்று என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். பெண்கள் கோட்டைக் கழற்றாமல் மிஷினில் இருந்தார்கள். ஒருத்தி கையுறையின் விரல் நுனிகளை வெட்டிவிட்டுப் போட்டிருந்தாள். "அண்ணை, ஊசி பிடிக்கேலாமல் கிடக்கு," என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர்களுக்குச் சூடு அனுப்புவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

விசித்திரம் என்னவென்றால், நான் ஏழு மணிக்குப் போய்ப் பார்க்கும்போது பொயிலர் முழு மூச்சாக வேலை செய்துகொண்டிருக்கும். பத்து, பதினொரு மணிக்குக் கட்டடங்கள் சூடாகிவிடும். பொறியியலாளர் புரோசார்ட்டிலிருந்து பாலத்து நெரிசலைத் தாண்டிக் கருவிகளோடு வந்து சேரும்போது எல்லாம் சரியாக இருக்கும். அவர் பார்ப்பார், நான் பார்ப்பேன், மதாம் இடுப்பில் கை வைத்து எங்கள் இரண்டு பேரையும் பார்ப்பார்.

பொயிலர் அறையில் வட்டக் காகிதத்தில் பேனா ஒன்று நீரின் சூட்டை நாள் முழுக்கக் கீறிக்கொண்டிருக்கும். அந்தக் காகிதங்களைப் பொறியியலாளர் மேசையில் பரப்பினார். ஒவ்வொரு நாளும் இரவு எட்டு மணிக்குக் கோடு கீழே விழுந்தது. காலை ஐந்து, ஐந்தரைக்குத்தான் திரும்ப எழும்பியது.

"ராத்திரி பூரா பெட்டி 'சூடா இருக்கு, சூடா இருக்கு'ன்னு சொல்லுது," என்றார். "ஆளில்லாத கடையில ஏது சூடு? இன்னொண்ணு பாருங்க. சனிக்கிழமை ராத்திரி மட்டும் விழவே இல்லை. ஏன்?"

எனக்கு அப்போது சலவைக்கூடத்தின் மேல் ஒரு கண் இருந்தது. அவர்கள் இரவிலும் வேலை செய்தார்கள், சனி இரவு மட்டும் விடுமுறை. அவர்கள்தான் வால்வை முழுக்கத் திறந்து சூட்டை எல்லாம் இழுத்துக்கொள்கிறார்கள் என்று தீர்மானித்தேன். பெட்டி சூடு என்று சொல்வதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசிக்கவில்லை. ஒரு குற்றவாளி கிடைத்ததே போதும் என்றிருந்தது. அவர்களின் வால்வில் கம்பி கட்டி, ஈய முத்திரை குத்தினேன். சலவைக்கூட மேற்பார்வையாளர் வயதான மனிதர், தினமும் காலையில் எனக்கு "போன்ஜூர்" சொல்பவர். நான் முத்திரை குத்துவதைக் கை கட்டி நின்று பார்த்தார். அடுத்த நாளிலிருந்து போன்ஜூர் நின்றுபோனது. குளிர் நிற்கவில்லை.

பெப்ரவரி முழுக்க இப்படியே போனது. மிக மோசமான ஒரு வாரத்தில் பெட்டியின் கம்பியைக் கழற்றிவிட்டு, பழையபடி எண்ணெயை அள்ளி ஊற்றிக் கையால் ஓட்டினோம். எல்லாருக்கும் சூடு. அதுவே எங்களுக்கு எதிராகப் போனது. "பார், உங்கள் பெட்டி இல்லாவிட்டால் நன்றாகத்தான் இருக்கிறது," என்றார் மதாம். மார்ச் நடுவில் எல்லா முதலாளிகளும் கூடி, பொதுச் சூட்டில் தொடர்வதா அல்லது அவரவர் எண்ணெய்ப் பொயிலருக்குத் திரும்புவதா என்று கை தூக்கி முடிவு செய்வது என்று ஆயிற்று. திரும்பிப் போனால் பொயிலர் அறை பூட்டு. நானும் பூட்டு.

கடிதத்தைக் கூட்டத்துக்கு முன்பே வாங்கிவிடலாம் என்று பொறியியலாளரிடம் கேட்டுப் பார்த்தேன்.

"கூட்டம் முடியட்டும்," என்றார். "தொடர்ந்து வேலை இருக்கும்னு எழுதணும், இல்லையா? இப்போ எழுதி, அப்புறம் அது பொய்யாயிடக் கூடாது பாருங்க. உங்களுக்கும் அது நல்லதில்லை."

மனுஷன் ஒரு கடிதத்தில்கூடப் பொய் எழுத மாட்டேன் என்கிறாரே என்று எரிச்சல் வந்தது. அன்று மெத்ரோவில் எனக்குத் தூக்கமும் வரவில்லை.

பெப்ரவரிக் கடைசித் திங்கட்கிழமை. உணவகம் பூட்டு. வழக்கமாகத் திங்களில் மூன்று மணிக்கே வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவேன். அன்று பசி எழுப்பிவிட்டது. ஏழரை மணிக்கு இடியப்பம் வாங்கலாமென்று அக்காவின் கடைக்குப் போனேன். கடை பூட்டுகிற நேரம். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, மா வாளியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் மூலையில் குழாய்க்கு மேலே வைத்தார். பிறகு என் போர்வையை எடுத்தார். அதன் ஒரு நுனியைப் பெட்டியின் மேல் விளிம்பில் மாட்டி, பெட்டியும் குழாயும் வாளியும் எல்லாம் உள்ளே அடங்கும்படி கூடாரம் போலத் தொங்கவிட்டு, அடியில் இரண்டு அரிசிப் பைகளால் பாரம் வைத்தார்.

"பாத்தீங்களே தம்பி, எவ்வளவு வசதி. ஆணிகூட அடிக்கத் தேவையில்லை," என்றார்.

நான் போய்ப் போர்வைக்குள் கையை விட்டேன். உள்ளே ஊர்ப் பகல் மாதிரிச் சூடு. அந்தச் சூட்டைத்தான் பெட்டி இரவு முழுக்கப் பொயிலருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசி ஆளுக்கு நல்ல சூடு, அடங்கிப் போ என்று. பொயிலரும் சொன்னதைக் கேட்டு அடங்கியது. விடிய ஐந்து மணிக்கு அக்கா வந்து போர்வையை எடுத்ததும் பெட்டிக்குக் குளிர் தெரிந்து, பொயிலர் எழும்பியது. ஞாயிறு காலை அக்கா பூசைக்குப் போவார், கடை பூட்டு, ஆகவே சனி இரவு மா வைப்பதில்லை. எல்லாம் அந்த வட்டக் காகிதங்களில் எழுதியிருந்தது. இடம் காட்டியவன் நான். போர்வை தந்தவனும் நான். அது என்ன பெட்டி, என்ன வேலை செய்கிறது என்று அந்த வரிசையில் தெரிந்திருந்த இரண்டே பேரில் ஒருவன் நான்.

அக்காவிடம் உண்மையைச் சொல்லவில்லை. "இதிலை வைச்சால் பெட்டி பழுதாப் போகும் அக்கா, இனி சுடுதண்ணித் தாங்கிக்குப் பக்கத்திலை வையுங்கோ," என்றேன். போர்வையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அடுத்த நாள் காலை எல்லாருக்கும் சூடு. மதாம் வாசலில் நிற்கவில்லை. பொறியியலாளருக்குத் தொலைபேசி எடுத்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சிரித்திருப்பார் என்றுகூட இப்போது தோன்றுகிறது. ஆனால் அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், ஆறு வாரம் ஒன்பது வியாபாரங்களைக் குளிரில் போட்ட பொயிலர்காரனுக்கு யாரும் கடிதம் எழுத மாட்டார்கள் என்பதுதான். அக்காவைக் காப்பாற்றத்தான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சுத்தப் பொய். அக்காவை யாரும் ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள்.

பழைய எண்ணெய்த் தகரம் ஒன்றை வெட்டி, அடித்து நிமிர்த்தி, விளிம்பை அரத்தால் தேய்த்தேன். அதைக் கொண்டுபோய் அடுப்புக்கும் பெட்டிக்கும் இடையில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும்படி நாலு திருகாணி போட்டு இறுக்கினேன். அவ்வளவு கவனமாக நான் அந்த வருடம் வேறு எந்த வேலையும் செய்யவில்லை. பிறகுதான் தொலைபேசி எடுத்தேன்.

"சேர், அடுப்புச் சூடுதான் பெட்டியிலை பட்டிருக்குது. நடுவிலை ஒரு தகரம் வச்சனான். இப்ப சரி."

மறுநாள் வந்தார். தகரத்தைத் தொட்டுப் பார்த்தார். நாடாவை எடுத்து மறுபடி அளந்தார்.

"நான் அப்பவே அளந்தேனே. மூணு நாள் பார்த்தேனே," என்றார். நாடாவைச் சுருட்டியபடி, "அடுப்பை ஏழரைக்கு அணைச்சுடறாங்க. கோடு எட்டு மணிக்கு மேலதானே விழுது?" என்று கேட்டார்.

"சுவர் சூட்டைப் பிடிச்சு வச்சிருக்கும் சேர். பழைய செங்கல்."

"சனிக்கிழமை?"

"சனிக்கிழமை அக்கா வெள்ளனப் பூட்டுறவா," என்றேன். அதுவும் பொய். சனிக்கிழமைதான் அவருக்கு வியாபாரம்.

அவர் பென்சிலைப் பையில் செருகினார். "அப்போ நான் வெச்ச எடம்தான் தப்பு," என்றார்.

கூட்டம் அச்சகத்தின் காகிதக் களஞ்சியத்தில், பின்னேரம் நாலு மணிக்கு நடந்தது. மடக்குக் கதிரைகள். நான் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் இருந்தேன். எனக்குப் பிரெஞ்சு அரைகுறை. பொறியியலாளர் எழுந்து நின்று, காகிதங்களைக் காட்டி, ஏதோ நீளமாக விளக்கினார். அதில் பாதி எனக்கு விளங்கவில்லை. கடைசியில் சொன்ன மூன்று சொல் மட்டும் நன்றாக விளங்கியது. "செ மா ஃபோத்." பிழை என்னுடையது. அரசாங்கப் பிரெஞ்சு வகுப்பில் முதல் மாதமே படிப்பித்த சொற்கள் அவை. அந்த மூன்று சொல்லும் எனக்கும் தெரியும். எழுந்து நின்று சொல்ல அதற்கு மேல் பிரெஞ்சு தேவையில்லை. நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழு கைகள் தொடர்வதற்கு ஆதரவாகத் தூக்கப்பட்டன. ஆனால் இனிமேல் வேறொரு நிறுவனம் பார்த்துக்கொள்ளட்டும், அந்தப் பெட்டியையும் கழற்றி வெளிக்குளிரைப் பார்த்து ஓடும் கருவி போடட்டும் என்று முடிவானது. பொறியியலாளர் தலையாட்டினார். மதாம் திரும்பி என்னைக் காட்டி, "பொயிலர்காரன் நல்லவன், அவன்தானே கண்டுபிடித்தான், அவன் இருக்கட்டும்," என்றார். இரண்டு மூன்று பேர் கை தட்டினார்கள். சலவைக்கூடத்து மனிதர் தட்டவில்லை. அவர் ஒருவர் தட்டாதது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

தன் கடைசி நாளன்று பொறியியலாளர் பொயிலர் அறைக்கு வந்து கடிதத்தைத் தந்தார். தன் கையாலேயே தட்டச்சு செய்தது. நான் நிரந்தரமாக வேலை செய்கிறேன், தொடர்ந்தும் செய்வேன் என்பதோடு, யாரும் கேட்காத ஒரு வரியையும் சேர்த்திருந்தார். நான் மிகவும் கவனமான ஆள் என்று. அதை வாசித்தபோது எனக்கு முகம் எரிந்தது. "நல்லபடியா வந்து சேரட்டும்," என்று கை குலுக்கினார். கை சில்லென்று இருந்தது.

ஓகஸ்டில் மனைவியும் மகளும் வந்து இறங்கினார்கள். அந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றை மனைவி பாஸ்போர்ட்டுகளோடு ஒரே உறையில் பத்திரமாக வைத்திருந்தாள். "ஒருக்காலும் காணாத எங்களுக்காக எழுதியிருக்கிறார், ஒரு நாள் சாப்பாட்டுக்குக் கூப்பிடோணும்," என்று மாதத்துக்கு ஒரு முறையாவது சொல்வாள். "பேந்து பாப்பம்," என்பேன். கோப்பை கழுவலை விட்டுவிட்டேன். தூக்கம் கிடைத்தது. களைப்பு மட்டும் போகவில்லை. அது வேலையால் வந்த களைப்பு என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. அதற்குள் மனைவி அக்காவின் கடையில் காலை வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நான் மகளைக் கூட்டிக்கொண்டு சாப்பிடப் போயிருந்தேன். கதவு திறந்து, காதை மூடும் தொப்பியோடு அவர் உள்ளே வந்தார். ஜான்-டலோன் சந்தைக்குப் போய்விட்டு வருகிறாராம், கையில் கத்தரிக்காய்ப் பை. கொஞ்சம் மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் உண்மையாகவே சந்தோஷப்பட்டார். மகள் "போன்ஜூர்" என்றதும் அவளிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டுச் சிரிக்க வைத்தார். இவர்தான் கடிதம் தந்தவர் என்று அறிந்ததும் மனைவி தட்டை இரண்டு கையாலும் கொண்டுவந்து வைத்தாள்.

அவர் தோசையைப் பிய்த்துப் பார்த்தார். "இந்தக் குளிர்ல மாவு எப்படிம்மா இப்படிப் பொங்குது? எங்க வீட்ல பொங்கவே மாட்டேங்குது," என்றார்.

"இதெல்லாம் ஒரு பொங்கலே ஐயா?" என்றார் அக்கா. "இப்ப தண்ணித் தாங்கிக்குப் பக்கத்தில வைக்கிறன், அரைவாசிதான் வரும். போன வருஷம் பாத்திருக்கோணும். அந்தா, அந்த மூலையில ஒரு பெட்டி இருந்தது. அதுக்குக் கீழ வாளியை வச்சு, பெட்டியையும் சேத்து மூடி விட்டனெண்டால் விடியக்காலமை வழியும். தம்பிதான் இடம் காட்டித் தந்தவர். போர்வையும் தம்பியின்ர தான்."

நான் மகளின் தோசையைத் துண்டு துண்டாகப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பிய்த்துக் கொடுக்கும் வயதில்லை.

"எத்தனை மணிக்கு மூடுவீங்க?" என்று அவர் கேட்டார்.

"கடை பூட்டேக்க. ஏழரை, எட்டு."

"எப்போ எடுப்பீங்க?"

"விடிய அஞ்சு மணிக்கு."

"சனிக்கிழமையும் உண்டா?"

"சனி இரவு வைக்கிறேல்லை ஐயா. ஞாயிறு பூசையெல்லே, கடை பூட்டு."

அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். பெட்டி இருந்த இடத்தில் பெயின்ட் படாத ஒரு சதுரம் இருந்தது. இந்தப் பக்கம் நான் இறுக்கிய தகரம், நாலு திருகாணியோடு, ஒன்றையும் மறைக்காமல் இன்னும் நீட்டிக்கொண்டு நின்றது. அவர் அந்தச் சதுரத்தைப் பார்த்தார், தகரத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன்.

"அப்போ," என்றார் மெதுவாக, "நான் வெச்ச எடம் சரிதான்."

"ஓம் சேர்," என்றேன். "சரியான இடம்தான்."